மொழிகளின் பொருளாதாரத் தரவரிசையும் பெங்களூரும்

உலக மொழிகளைப் பேசுவோர் தொகையால் வரிசைப்படுத்துவது பழைய வழக்கம். பேசுவோரின் பொருள்வளத்தால் வரிசைப்படுத்தும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் பரவிற்று. ஒரு நாட்டின் மொத்த உற்பத்தியைத் தாய்மொழியாளர் விகிதப்படி அந்நாட்டு மொழிகளுக்குப் பங்கிட்டு, ஒவ்வொரு மொழியும் பல நாடுகளில் பெறும் பங்குகளைக் கூட்டுவதே இதன் முறையாகும். 1997இல் டேவிட் கிராடல் பிரிட்டிஷ் கவுன்சிலுக்காக எழுதிய, ஆங்கிலத்தின் எதிர்காலம் குறித்த நூலிலும் இக்கணக்கு இடம்பெற்றது. ஒரு மொழியினர் ஈட்டும் வருவாயே அம்மொழியின் வலிமை என்பது இதன் அடிப்படைக் கருத்து. இது எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதைப் பெங்களூரின் வரலாறு கொண்டு ஆராயலாம்.

1809இல் ஆங்கிலேயர் இங்குத் தண்டு அமைத்தனர். சென்னைப் படையைத் தொடர்ந்து தமிழர் பலர் படைவீரராகவும் வணிகராகவும் பணியாளராகவும் குடியேறினர். 1881 முதல் தண்டு பிரிட்டிஷ் ஆட்சியிலும், கன்னடம் வழங்கிய பழைய பேட்டை மைசூர் அரசின்கீழும் இருந்தன. 1949இல் இவை ஒரே மாநகராட்சியாயின. இதனிடையே 1940இல் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையும், 1948இல் தொலைபேசித் தொழிற்சாலையும், 1954இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் தோன்றின. தொழிலாளர் பேசிய மொழிகள் பல. அலுவலக ஏடுகளின் மொழியோ ஆங்கிலம். வேலைவாய்ப்பில் கன்னடியர்க்கு முன்னுரிமை கோரிய சரோஜினி மகிஷி குழுவின் அறிக்கை 1986இல் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் நகருக்கு வந்திருந்தது. மென்பொருள் தொழில் வளர வளர ஆங்கிலத்தின் பிடி மேலும் இறுகிற்று.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 4.37 கோடியினர், ஆங்கிலத்தைக் கொண்டோர் ஏறத்தாழ 2.6 இலட்சத்தினரே. பெங்களூர் நகர மாவட்டத்தில் கன்னடத் தாய்மொழியாளர் பாதிக்கும் குறைவு. தமிழ், தெலுங்கு, உருது பேசுவோரும் பெருந்தொகையினர். தாய்மொழிவழிப் பங்கிட்டால், ஆங்கிலத்தில் எழுதி ஈட்டிய மென்பொருள் வருவாய் பெரும்பாலும் இம்மொழிகளின் கணக்கிலேயே சேரும். கன்னடப் பொறியாளரின் ஊதியம் கன்னடத்தின் தரத்தை உயர்த்தும். அவர்தம் அலுவலகத்திலோ கன்னடத்தில் ஒரு வரியும் எழுதப்படாதிருக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. வருவாய் மிக்கோர் ஆங்கிலம் அறிந்தவராயின், அவர்க்கென மொழிபெயர்க்கத் தேவையில்லை என நிறுவனங்கள் கருதக்கூடும். கன்னடம் மட்டுமே அறிந்தோர்க்கு மொழிபெயர்ப்புத் தேவை மிகுதி; ஆயினும் அவர்தம் வருவாய் குறைவாயின், இக்கணக்கில் அவர் பெறும் இடமும் சிறிதே. எனவே, மொழியினர் ஈட்டும் பொருளையும், மொழியின் வழியே ஈட்டப்படும் பொருளையும் தனித்தனியே கணக்கிடல் வேண்டும். பின்னதைக் கணக்கிடுவதற்குரிய, பணியிட மொழி பற்றிய வினா 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இடம்பெறவில்லை. அவ்வினா சேர்க்கப்பட்டாலன்றிக் கன்னடத்தின் பொருளாதார நிலையையோ தமிழின் நிலையையோ தரவரிசை கொண்டு துணிதல் இயலாது.