முசுக்கொட்டைப் பழமும் ஆரணிப் பட்டும்

ஆரணிப் பட்டுன்னா எல்லாரும் சேலை, ஜரிகை, பார்டர் என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் பழத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். முசுக்கொட்டைப் பழம்! மல்பெரின்னு சொன்னா சட்டுன்னு புரியும். தின்றால் நாக்கும் விரலும் ஊதாவாகுமே, அதேதான்.

அந்த ஊதாவுக்குப் பெயர் ஆந்தோசயனின். 1835-இல் மார்க்வார்ட் என்ற ஜெர்மானியர் பூக்களின் நீல நிறத்துக்கு வைத்த பெயர். இன்று விளம்பரங்களில் அடிபடும் ஆன்டி-ஆக்ஸிடன்ட் பொருட்களில் இதுவும் ஒன்று. ரகத்துக்கு ரகம் அளவு மாறும். கறுத்துப் பழுக்கிற ரகத்தில் நிறைய. வெள்ளையாகவே பழுக்கிற ரகத்தில் மிகக் குறைவு. இதில் ஒரு குழப்பமும் உண்டு. 'வெள்ளை முசுக்கொட்டை' என்ற இனத்திலும் கறுப்புப் பழம் காய்க்கும். பெயரில் உள்ள வெள்ளை மொட்டின் நிறமாம், பழத்தினுடையது இல்லை.

பட்டுக்காக இந்த மரத்தை வளர்த்தவர்களுக்குப் பழம் ஒரு பொருட்டே இல்லை, இலைதான் எல்லாம். 1609 வாக்கில் இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் நாடு முழுக்க முசுக்கொட்டை நடச் சொன்னார். நட்டவற்றில் நிறைய கறுப்பு முசுக்கொட்டை. பட்டுப்புழுவுக்குப் பிடித்ததோ வெள்ளை. பட்டுத்தொழில் வளரவில்லை, பழம் மட்டும் மிஞ்சியது!

நம்ம பக்கம் கதை நேர்மாறு. 1780-களில் திப்பு சுல்தான் வங்காளத்திலிருந்து பட்டுப்புழுவை வரவழைத்து மைசூர்ச் சீமையில் தொழிலை ஊன்றினார். ஆரணி மாதிரி நெசவு ஊர்களுக்கு இன்றும் கர்நாடகத்திலிருந்து கச்சாப் பட்டு வருவது அந்தத் தொடர்ச்சிதான். பிறகு ரகங்கள் வந்தன: சென்னபட்டணம் பக்கம் கண்வா-2, குன்னூரில் எம்.ஆர்.2, 1997-இல் மைசூர் மத்திய ஆராய்ச்சி நிலையத்தின் வி-1. இலை எவ்வளவு, நோய் தாங்குமா, குச்சி வேர் பிடிக்குமா என்றுதான் பார்த்தார்கள். பழத்தை யாரும் கேட்கவில்லை. சுமார் எழுபது நாளுக்கு ஒருமுறை கிளையை அறுத்துவிடுகிற தோட்டத்தில் பழம் பழுக்க நேரம் ஏது?

அப்போ அந்தச் சத்தெல்லாம் போச்சா? இங்கேதான் சுவாரசியம். இலையிலும் கரோட்டினாய்டு, ஃபிளேவனாய்டு என்று ஆன்டி-ஆக்ஸிடன்ட்கள் உண்டு. புழு இலையைத் தின்னும்போது சில இனங்களில் அவை கூட்டுக்கே போய்ச் சேருகின்றன. பழைய மைசூர் இனத்தின் கூடு பச்சை கலந்த மஞ்சளாக இருப்பது அதனால்தான். அந்த நிறம் பெரும்பாலும் இழையைச் சுற்றியுள்ள செரிசின் என்ற பசையில் தங்கும். சாயம் போடுவதற்கு முன் சோப்பும் சோடாவும் போட்டுப் பட்டை வேகவைக்கிறார்களே, அப்போது அந்தப் பசை கரைகிறது. கச்சாப் பட்டின் எடையில் சுமார் கால்பங்கு குறைந்துவிடும். மஞ்சளும் அதோடு போய்விடும். பழத்தை விட்டு இலையைப் பிடித்தோம். இலை தந்த நிறத்தையும் சாக்கடையில் ஊற்றிவிட்டோம்.

உடனே "அடடா, எவ்வளவு ஆன்டி-ஆக்ஸிடன்ட் வீண்!" என்று வருத்தப்பட வேண்டாம். எந்தப் பழத்தில் எவ்வளவு என்று அமெரிக்க விவசாயத்துறை 2007-இல் ஒரு பெரிய பட்டியல் போட்டது. பெர்ரி விற்பவர்கள் அதை வைத்தே விளம்பரம் செய்தார்கள். 2012-இல் அந்தப் பட்டியலை அந்தத் துறையே எடுத்துவிட்டது. சோதனைக் குழாயில் வரும் எண்ணுக்கும் உடம்புக்குள் நடப்பதற்கும் சம்பந்தம் காட்ட முடியவில்லை என்பதுதான் காரணம்.

ஆகவே இறக்குமதி ப்ளூபெர்ரிக்குக் காசை அள்ளி விடுமுன் யோசியுங்கள். பட்டுப்புழுத் தோட்டத்து ஓரத்தில் அறுக்காமல் விட்ட ஒரு செடி இருந்தால் நாலு பழம் பறித்துச் சாப்பிடுங்கள். எண்ணுக்காக வேண்டாம், ருசிக்காக. அப்படி ஓரத்தில் ஒரு செடியை விட்டுவைக்க விவசாயிக்கும் மனசு வரணும், அவ்வளவுதான்.