பட்டியும் வரலாறும்

கொங்கு நாட்டுப் பள்ளிகளிற் பல்லாண்டுகள் வரலாறு கற்பித்தவன் நான். ஒருநாள் வகுப்பில், ஆடு மேய்க்கும் குடியிற் பிறந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, எங்கள் முன்னோர்க்கு வரலாறு இல்லையா?" என்று வினவினான். "கோட்டையும் கல்வெட்டும் விட்டுச் செல்லாதவர்க்கு வரலாறு ஏது?" என்று கூறி அவனை அமரச் செய்தேன். அவ்விடை பிழையானது. அதனைத் திருத்தவே இன்று பேசுகின்றேன்.

மந்தையோடு இடம் பெயர்வோர் மாளிகை கட்டுவதில்லை. ஆயினும், தங்கிய இடத்தில் சாம்பலும் எலும்பும் குழியும் எஞ்சுகின்றன. தெலங்கானாப் பகுதியிலுள்ள உட்னூரில், 1957-ஆம் ஆண்டில், ஆல்ச்சின் என்னும் ஆங்கில அறிஞர் ஒரு சாம்பல் மேட்டை அகழ்ந்தார். பட்டியிற் குவிந்த சாணம் மீண்டும் மீண்டும் எரிந்து உண்டான மேடு அது. அங்கே வேலிக்கால் நட்ட குழிகளும், மாடுகளின் குளம்படிச் சுவடுகளும் வெளிப்பட்டன. புதிய கற்கால ஆயர்தம் தொழுவம் அது என்பது தெளிவாயிற்று.

ஓரிடத்தில் மக்கள் எப்பருவத்தில் தங்கினர் என்பதையும் எலும்பு உணர்த்துமோ? உணர்த்தும். வட அமெரிக்கச் சமவெளியில் காட்டெருமை வேட்டையாடிய பழங்குடியினரின் தங்குமிடங்கள் சிலவற்றில், பிறவாத கன்றுகளின் எலும்புகள் கிடைத்துள்ளன. அவ்விலங்குகள் கன்று ஈனுவது இளவேனிலில். எனவே, தாய் விலங்கு கொல்லப்பட்டது பனிக்காலம் என்று அறிஞர் துணிகின்றனர். ஒரு சிற்றெலும்பே நாட்காட்டி ஆகின்றது!

இனி நம் ஊருக்கு வருவோம். கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் உள்ளது மோளப்பாளையம். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் 2021-ஆம் ஆண்டில் அங்கு அகழாய்வு நடத்தினர். மட்பாண்டச் சில்லுகளும், கால்நடை எலும்புகளும், கடற்சிப்பிகளும் கிடைத்தன. அவற்றின் காலம் ஏறத்தாழ கி.மு. 1600 முதல் 1400 வரை. கடலில்லா ஊரில் சிப்பி ஏது? மேற்கு மலைத்தொடரைப் பிளந்து நிற்கும் பாலக்காட்டுக் கணவாயை நோக்கினால் விடை தோன்றும். மூவேந்தர் பெயர் கல்லில் ஏறுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, கால்நடை வளர்த்தோர் இங்கு வாழ்ந்தனர். கடற்கரையோடு தொடர்பும் கொண்டிருந்தனர்.

இத்தகைய தடயங்கள் மெல்லியவை. ஓர் உழவுசால் போதும், அழிந்துவிடும். ஆகவே, உங்கள் தோட்டத்தில் பழஞ்சாம்பலோ ஓடோ எலும்போ தென்பட்டால் கிளறாதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியரிடமும் தொல்லியல் துறையினரிடமும் தெரிவியுங்கள்.

அன்று வினவிய மாணவன் இவ்வுரையைக் கேட்பானாயின், அவனுக்கு என் விடை இதுவே: தம்பி, ஆடுமாடு மேய்த்தோர்க்கும் வரலாறு உண்டு. அதனைப் படிக்க அன்று நான் அறிந்திலேன்.