வெற்றுத் திரையின் வரலாறு: மெய்நிகர் இயந்திர நிறுவலும் சீரியல் கன்சோலும்

திரையும் விசைப்பலகையும் பொருத்தப்படாமல், வலைப்பின்னல் வழியாக மட்டுமே ஆளப்படும் லினக்ஸ் வழங்கி ஒன்றில் மெய்நிகர் இயந்திரத்தை நிறுவ முற்படுவோருக்கு நேரும் தடைகளுள் மிகப் பரவலானது, எந்தப் பிழைச் செய்தியும் வராமல் முனையம் வெறுமையாக நின்றுவிடுவதே ஆகும். நிறுவல் கட்டளை ஏற்கப்படுகிறது. இயந்திரம் ஓடிக்கொண்டிருப்பதாக மேலாண்மைக் கருவி தெரிவிக்கிறது. செயலியின் நேரம் செலவாவதும் கணக்கில் தெரிகிறது. ஆனால் நிறுவல் நிரல் கேட்க வேண்டிய முதல் கேள்வி மட்டும் கண்ணுக்கு வருவதில்லை. இத்தகைய வழங்கியைத் துறையினர் 'ஹெட்லெஸ்' என்றும், ஓர் உண்மைக் கணினியின் செயலி, நினைவகம், வட்டு ஆகிய அனைத்தையும் மென்பொருளால் உருவகித்து, அதனுள் தனியோர் இயங்குதளத்தை ஓடச் செய்யும் அமைப்பை மெய்நிகர் இயந்திரம் என்றும் அழைக்கின்றனர். வெற்றுத் திரையின் காரணத்தைத் தேடிச் சென்றால், பெரும்பாலான நேர்வுகளில் உள்ளிருக்கும் இயந்திரம் பேசாமல் இருக்கவில்லை என்பதும், யாரும் கேட்டுக்கொண்டிராத இடத்தில் பேசிக்கொண்டிருக்கிறது என்பதும் புலப்படும். இந்த இடப்பிறழ்வு எப்படி உண்டாயிற்று என்பதற்கு அறுபது ஆண்டுக் கால வரலாறு உண்டு.

மெய்நிகர் இயந்திரம் பிறந்தபோதே திரையில்லாமல்தான் பிறந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஐபிஎம் நிறுவனம் 1964இல் அமைத்த அறிவியல் மையத்தில், ராபர்ட் கிரீசி தலைமையிலான சிறு குழு, சிஸ்டம்/360 வரிசையின் மாடல் 40 கணினியைச் சற்றே மாற்றியமைத்து, சிபி-40 என்னும் கட்டுப்பாட்டு நிரலை எழுதியது. 1967 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த அந்நிரல், ஒரே கணினியைப் பதினான்கு கணினிகளாகப் பகுத்துக் காட்ட வல்லதாக இருந்தது. அதன் வழித்தோன்றலான சிபி-67இல் பயனாளர் ஒருவர் தம் அறையிலிருந்து ஐபிஎம் 2741 போன்ற தட்டச்சு முனையத்தின் வழியே உள்நுழைந்தால், நொடிக்கு ஏறத்தாழ 15 எழுத்துகளைக் காகிதத்தில் அச்சிடும் அந்த முனையமே அவருடைய மெய்நிகர் இயந்திரத்தின் கன்சோலாக, அதாவது இயக்குநர் அமர்ந்து இயந்திரத்தோடு உரையாடும் இருக்கையாக, மாறிவிடும். உண்மைக் கணினியின் முகப்பில் இருந்த பொத்தான்களும் சுழல்திருகுகளும் செய்த வேலையை இங்கே கட்டளைச் சொற்கள் செய்தன: நினைவகத்தின் ஓரிடத்தைப் பார்க்க ஒரு சொல், அதில் புதிய மதிப்பை இட மற்றொரு சொல், இயங்குதளத்தை ஏற்றித் தொடங்க வேறொரு சொல். கவனம் ஈர்க்கும் விசை ஒன்றை அழுத்தினால் பேச்சு உள் இயந்திரத்திலிருந்து விலகிக் கட்டுப்பாட்டு நிரலோடு தொடரும். மற்றொரு கட்டளையால் மீண்டும் உள்ளே திரும்பலாம்.

இந்த ஏற்பாட்டின் அருமை, அது பழுது பார்ப்பதற்கே உகந்ததாக அமைந்ததில் இருக்கிறது. புதிய இயங்குதளம் ஒன்றைச் சோதிப்பவருக்கு அதுவரை முழுக் கணினியும் தனியாகத் தேவைப்பட்டது. பெரும்பாலும் பிறர் உறங்கும் நேரத்தில்தான் அது கிடைத்தது. மெய்நிகர் இயந்திரத்திலோ, சோதனை முறிந்தால் முறிவது அவருடைய இயந்திரம் மட்டுமே. அருகிலுள்ள பதின்மூன்று பேரின் வேலை தடைபடாது. முறிந்த கணத்தின் நினைவகத்தை அப்படியே நிறுத்தி வைத்து ஆராயவும் முடிந்தது. சிஸ்டம்/370இன் மெய்நிகர் நினைவகத்துக்கான வன்பொருள் கைக்கு வருவதற்கு முன்பே, சிபி-67ஐத் திருத்தி, அவ்வன்பொருள் இருப்பதுபோல் உருவகித்து, அதற்கான மென்பொருளை எழுதிச் சோதித்தனர் என்பது பொறியியல் வரலாற்றில் மிக உயர்வாகக் கருதத்தக்க செயல். 1972 ஆகஸ்ட் 2 அன்று ஐபிஎம் இந்த மெய்நிகர் இயந்திர அமைப்பை விஎம்/370 என்ற பெயரில் முறையாக அறிவித்தது.

இதே காலத்தில் மற்றொரு மரபும் வளர்ந்துகொண்டிருந்தது. 1960களில் விற்பனைக்கு வந்த டெலிடைப் மாடல் 33, ஒரு தொலைத்தட்டச்சுப்பொறி; நொடிக்கு 10 எழுத்து வேகத்தில், ஒரு கம்பியில் ஒரு துடிப்பின் பின் மற்றொரு துடிப்பாகச் செய்தியை அனுப்பும் 'சீரியல்' முறையில் அது இயங்கியது. 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ப்சன் யூனிக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கியபோது கணினியோடு பேசும் வழி இத்தகைய பொறியாகவே இருந்தமையால், அதன் பெயரின் சுருக்கமான 'டிடிஒய்' என்பது எல்லா முனையங்களுக்கும் பொதுப்பெயராயிற்று. லினக்ஸ் வழங்கியில் முதல் சீரியல் வாயிலுக்கு இன்றும் வழங்கும் 'டிடிஒய்எஸ்0' என்ற பெயரில் அந்தத் தொலைத்தட்டச்சுப்பொறியின் பெயர் அழியாமல் நிற்கிறது. யூனிக்ஸ் கணினிகளைத் தயாரித்த நிறுவனங்கள் இம்மரபைப் பேணின. எடுத்துக்காட்டாக, சன் நிறுவனத்தின் ஸ்பார்க் கணினியில் விசைப்பலகை செருகப்படவில்லையெனில், அதன் தொடக்க நிரல் தானாகவே சீரியல் வாயிலுக்குத் திரும்பி அங்கே பேசத் தொடங்கும்.

அந்தத் தொடர்ச்சியை அறுத்தது 1981இல் வெளிவந்த ஐபிஎம் தனியாள் கணினி. ஒருவர், ஒரு மேசை, ஒரு திரை என்ற எண்ணத்தில் வடிவமைக்கப்பட்ட அக்கணினியில், எழுத்துகள் முனையம் ஒன்றுக்கு அனுப்பப்படவில்லை; திரை அட்டையின் நினைவகத்தில் நேரடியாக எழுதப்பட்டன. சீரியல் வாயிலை அதிலும் பொருத்திக்கொள்ள முடிந்தது என்றாலும், அது மோடத்தையும் அச்சுப்பொறியையும் இணைப்பதற்கான துணை வாயிலாகவே கருதப்பட்டது. பின்னாளில் இவ்வகைக் கணினிகளே மலிவின் காரணமாக வழங்கிகளாக அடுக்கடுக்காக நிறுத்தப்பட்டபோது, இந்த வடிவமைப்பு பெருந்தொல்லையாயிற்று. விசைப்பலகை இல்லை என்று கண்டதும் தொடக்க நிரல் பிழை காட்டி நின்றுவிடும். தொடர வேண்டுமானால் விசை ஒன்றை அழுத்துமாறு அந்தப் பிழைச் செய்தியே கோரும். அச்செய்தியும் இல்லாத திரையிலேயே எழுதப்படும். அதனால், விசைப்பலகைப் பிழையைப் பொருட்படுத்த வேண்டாம் என்னும் அமைப்பைத் தொடக்க நிரலில் முன்கூட்டியே தெரிவு செய்து வைப்பது வழங்கி அறைகளின் வழக்கமாயிற்று.

இந்தக் கணினிக் குடும்பத்தின் செயலியிலும் ஒருவகை மௌனம் இருந்தது. 1974இல் ஜெரால்ட் போப்பெக், ராபர்ட் கோல்ட்பெர்க் ஆகிய இருவரும் மெய்நிகராக்கத்துக்கு ஒரு செயலி எந்த நிபந்தனைகளை நிறைவு செய்ய வேண்டும் என்பதை வரையறுத்தனர். இயந்திரத்தின் நிலையைத் தொடும் எந்த ஆணையையும் உரிமையற்ற நிரல் ஒன்று இட்டால், செயலி அதைத் தடுத்து நிறுத்திக் கட்டுப்பாட்டு நிரலுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். இன்டெலின் எக்ஸ்86 செயலியோ சில ஆணைகளைத் தடுக்கவும் இல்லை, நிறைவேற்றவும் இல்லை. குறுக்கீட்டை நிறுத்தும் கொடியை மாற்ற முயலும் 'பாப்எஃப்' என்னும் ஆணை, உரிமையற்ற நிலையில் எந்த அறிவிப்புமின்றி அம்மாற்றத்தைக் கைவிட்டுவிடும். இத்தகைய ஆணைகள் 17 என்று 2000இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. 1998இல் தோன்றிய விஎம்வேர் நிறுவனம், ஓடும் நிரலை உடனுக்குடன் மொழிபெயர்த்து இக்குறையைக் கடந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2003இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்த ஸென், உள்ளே ஓடும் இயங்குதளத்தையே திருத்துவதன் மூலம் கடந்தது.

2005 இறுதியில் இன்டெலும் 2006இல் ஏஎம்டியும் செயலியிலேயே மெய்நிகராக்க வசதியைச் சேர்த்த பின்னர் நிலைமை மாறியது. அவ்வசதியைப் பயன்படுத்திக் குமுரானெட் என்னும் நிறுவனத்தில் ஆவி கிவிட்டி எழுதிய கேவிஎம், 2007 பிப்ரவரியில் வெளியான லினக்ஸ் 2.6.20இல் கெர்னலின், அதாவது இயங்குதளத்தின் கருப்பகுதியின், உறுப்பாயிற்று. வட்டு, வலைப்பின்னல் அட்டை முதலிய கருவிகளை உருவகிக்கும் பணியை ஃபப்ரீஸ் பெல்லார்ட் 2003இல் வெளியிட்ட கியூஎம்யு ஏற்றது. இவற்றை ஆளுவதற்கு லிப்விர்ட் நூலகமும் 'விர்ட்-இன்ஸ்டால்', 'விர்ஷ்' ஆகிய கட்டளைகளும் அமைந்தன. ஆனால் பல கணினிகள் அவ்வசதியைத் தொடக்க நிரலில் முடக்கிய நிலையிலேயே விற்பனைக்கு வந்தன. செயலியின் திறன் பட்டியலில் 'விஎம்எக்ஸ்' என்ற சொல் நீண்ட காலம் வரை அந்நிலையிலும் தென்பட்டதால், வசதி உண்டு என நம்பித் தொடங்கிய பலர், கெர்னலின் பதிவேட்டில் தொடக்க நிரலால் முடக்கப்பட்டது என்ற ஒற்றை வரி காத்திருப்பதைப் பின்னரே கண்டனர். திரையில்லா வழங்கியில் இது எளிய திருத்தம் அன்று. தொடக்க நிரலின் பக்கத்தைத் திறக்க யாரேனும் இயந்திரத்தின் அருகே செல்ல வேண்டும், அல்லது தொலைவிலிருந்தே அப்பக்கத்தைக் காட்டும் தனி மேலாண்மைச் சில்லு அதில் இருக்க வேண்டும். முடக்கத்தைக் கவனியாமல் தொடர்ந்தால் கியூஎம்யு ஒவ்வோர் ஆணையையும் மென்பொருளாலேயே உருவகிக்கும். நிறுவல் நடக்கும், ஆனால் ஊர்ந்து நடக்கும்.

இனி வெற்றுத் திரைக்கே வரலாம். லினக்ஸ் தொடங்கியதே, பல்கலைக்கழகக் கணினியோடு சீரியல் இணைப்பில் பேச லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதிய முனைய நிரல் ஒன்றிலிருந்துதான். எனினும் கெர்னலின் செய்திகளையே சீரியல் வாயிலுக்கு அனுப்பும் ஒழுங்கான ஏற்பாடு 1990களின் இறுதியில்தான் நிலைபெற்றது. மிகல் வான் ஸ்மோரன்பர்க் எழுதிய அதன் விளக்கக் குறிப்பில் உள்ள இரண்டு விதிகள், பிற்கால நிறுவல் சிக்கல்களில் பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன. கன்சோல் இன்னதென்று சொல்லப்படாவிட்டால் கெர்னல் முதலில் திரை அட்டையைத் தேடும், அது இல்லையெனில்தான் சீரியல் வாயிலை நாடும் என்பது முதல் விதி. கியூஎம்யு உருவகிக்கும் கணினியில் வழக்கமாகவே ஒரு திரை அட்டை இருக்கும். ஆகவே உள்ளே எழும் கெர்னல் அந்த அட்டையைக் கண்டு, அதிலேயே எல்லாவற்றையும் எழுதுகிறது. 'விர்ஷ் கன்சோல்' என்ற கட்டளையால் சீரியல் வாயிலில் காதுவைத்திருப்பவருக்கு ஒன்றும் கேட்பதில்லை. கெர்னலைத் தொடங்கும் வரியில் 'கன்சோல்=டிடிஒய்எஸ்0' என்று சேர்ப்பதே இதற்குரிய மருந்து.

அம்மருந்தை எங்கே சேர்ப்பது என்பதில்தான் பலர் இடறுகின்றனர். 'விர்ட்-இன்ஸ்டால்' கட்டளையில் நிறுவல் வட்டைச் 'சிடிராம்' என்ற விருப்பத்தால் கொடுத்தால், அவ்வட்டினுள் இருக்கும் துவக்கி தன் விருப்பப்படி கெர்னலை எழுப்பும். வெளியிலிருந்து ஒரு சொல்லையும் அதனிடம் சேர்க்க இயலாது. 'லொகேஷன்' என்ற விருப்பத்தால் கொடுத்தாலோ, கருவியே கெர்னலையும் அதன் தொடக்கக் கோப்பு முறைமையையும் வெளியே எடுத்து, கியூஎம்யுவின் கையில் நேராகக் கொடுக்கிறது. கூடுதல் சொற்களை ஏற்கும் 'எக்ஸ்ட்ரா-ஆர்க்ஸ்' விருப்பம் அப்போது மட்டுமே செல்லுபடியாகும். இரண்டாம் விதி இதனினும் நுட்பமானது: பல கன்சோல்கள் குறிக்கப்பட்டால் கெர்னலின் செய்திகள் எல்லாவற்றுக்கும் போகும், ஆனால் அமைப்பின் முதன்மைக் கன்சோலாக இருப்பது கடைசியாகக் குறிக்கப்பட்டதே. ஆகையால் திரையைப் பின்னும் சீரியல் வாயிலை முன்னும் எழுதியவருக்கு, கெர்னல் எழும்பும் வரிகள் விறுவிறுவென ஓடுவது தெரியும். கேள்வி கேட்க வேண்டிய நிறுவல் நிரல் வரும் கட்டத்தில் எல்லாம் நின்றுபோகும். பழுது அங்கே இயந்திரத்தில் இல்லை, இரண்டு சொற்களின் வரிசையில் இருக்கிறது. இதை அறியாமல் வட்டையும் நினைவகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து வீணான நாள்களுக்காக இரங்காமல் இருக்க முடியாது.

வரைகலைத் திரையே வேண்டும் என்போருக்கு மற்றொரு வழி இருந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஆலிவெட்டி, ஆரக்கிள் ஆய்வுக்கூடத்தில் 1990களில் உருவான விஎன்சி முறையில், உருவகித்த திரையின் படத்தை வலைப்பின்னல் வழியே வேறு கணினியில் காணலாம். பாதுகாப்புக் கருதி லிப்விர்ட் அதை 127.0.0.1 என்னும் முகவரியில், அதாவது வழங்கி தன்னைத் தானே அழைக்கும் முகவரியில், 5900 என்ற வாயில் எண்ணில் தொடங்கித் திறக்கிறது. ஃபின்லாந்தில் டாட்டு யுலோனன் 1995இல் உருவாக்கிய எஸ்எஸ்எச் இணைப்புக்குள் அவ்வாயிலைச் சுரங்கம்போல் செலுத்தித் தன் மேசைக்குக் கொண்டுவருவதே இன்றளவும் நிலவும் நடைமுறை.

அனுமதிச் சிக்கல் இவற்றைவிடச் சிறியது என்றாலும் அதுவும் யூனிக்ஸின் பழைய சொத்தே. நிறுவல் வட்டின் கோப்பைத் தம் சொந்த அடைவில் வைத்திருப்பவர், தாம் முதன்மை உரிமையோடு கட்டளை இட்டும் கோப்பைத் திறக்க இயலவில்லை என்ற பிழையைக் காண்கிறார்; கியூஎம்யு வேறொரு சிறு உரிமைப் பயனாளராக ஓடுவதும், கோப்பை அடைய அதன் பாதையிலுள்ள ஒவ்வோர் அடைவையும் கடக்கும் அனுமதி வேண்டியிருப்பதுமே காரணம். லிப்விர்ட்டுக்கென ஒதுக்கப்பட்ட படிமங்களுக்கான அடைவுக்கு அக்கோப்பை மாற்றினால் தீர்ந்துவிடும்.

நிறுவல் முடிந்து மறுதொடக்கம் ஆன பின்பும் வெறுமை திரும்ப வரலாம். நிறுவல் வேளையில் சேர்த்த சொல், நிறுவப்பட்ட அமைப்பின் துவக்க வரியில் பதிந்திருக்க வேண்டும். சீரியல் வாயிலில் பயனாளர் பெயரைக் கேட்கும் 'கெட்டி' என்னும் சிறு நிரலும் ஓட வேண்டும். முன்னர் அதற்கென அமைப்புக் கோப்பில் கையால் ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. லினக்ஸின் சேவைகளைத் தொடங்கி ஆளும், 2010இல் தோன்றிய சிஸ்டம்டி, கெர்னலின் கன்சோல் எதுவென்று பார்த்துத் தானே அதை எழுப்புகிறது. மேகக் கணிமைக்கென வெளியிடப்படும் பல லினக்ஸ் படிமங்கள் ஏற்கெனவே நிறுவப்பட்ட நிலையிலும், சீரியல் கன்சோலுக்கான சொல் முன்கூட்டியே எழுதப்பட்டும் வருவதால், நிறுவல் நிரலோடு பேசும் தேவையே அங்கு எழுவதில்லை.

'கன்சோல்=டிடிஒய்எஸ்0' என்ற அந்தச் சொல்லின் பின்னால் 115200 என்ற எண்ணைப் பலர் இன்றும் சேர்த்து எழுதுகின்றனர். கம்பியே இல்லாத இணைப்புக்கு நொடிக்கு இத்தனை துடிப்பு என வேகம் குறிக்கும் வழக்கம் அது. கியூஎம்யு அங்கே உருவகிப்பது, நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் 1980களில் வெளியிட்ட 16550 வகைச் சீரியல் சில்லு. 'விர்ஷ் கன்சோல்' திறந்ததும் வரும் இரண்டாம் வரி, வெளியேறுவதற்கான விசை எதுவென்று சொல்கிறது. கன்ட்ரோல் விசையோடு வலப்பக்கச் சதுர அடைப்புக்குறியை அழுத்தினால் பேச்சு உள் இயந்திரத்தை விட்டு வழங்கிக்குத் திரும்பும். ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் மையத்துத் தட்டச்சு முனையத்தில் கவனம் ஈர்க்கும் விசை செய்ததும் இதே வேலைதான். கட்டளையை இட்ட பின்னும் ஒன்றும் தோன்றவில்லையெனில் எண்டர் விசையை ஒருமுறை தட்ட வேண்டும்; 'கெட்டி' விழித்திருந்தால், உள் இயந்திரத்தின் பெயரும் அதன் பக்கத்தில் பயனாளர் பெயரைக் கேட்கும் சொல்லும் அச்சாகும்.