டால்பின் மீன்: ஒரு பெயரும் அதன் மொழியாக்கச் சிக்கலும்

வெப்பக்கடல்களின் மேல்மட்ட நீரில் திரியும் ஒரு பெருமீனுக்கு 1758இல் லின்னேயஸ் இட்ட பெயர் கொரிபீனா ஹிப்பூரஸ் என்பதாகும். முதற்சொல் உச்சியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடும், இரண்டாவது குதிரைவாலைக் குறிக்கும் சொல்லோடும் தொடர்புடையன. முதிர்ந்த ஆண்மீனின் செங்குத்தான நெற்றியைக் கண்டவர்க்கு முதற்சொல்லின் பொருத்தம் விளங்கும். ஸ்பானியர் அதன் பொன்னிறத்தைக் கொண்டு 'டொராடோ' என்றனர். பிடிபட்ட சிறிது நேரத்தில் அந்நிறம் மங்கிவிடுகிறது என்பது வேறு. ஹவாய் மொழியின் 'மஹி-மஹி' ஓர் அடுக்குத்தொடர். 'மிக வலியது' எனப் பொருள் கூறுவர்.

ஆங்கில மாலுமிகளோ இம்மீனையும் பாலூட்டியான டால்பினையும் நூற்றாண்டுகளாக ஒரே சொல்லால் அழைத்து வந்தனர். 1964இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'பிளிப்பர்' தொடர் வந்தபின், டால்பின் என்றால் மக்கள் மனத்தில் எழுந்தது அப்பாலூட்டியே. உணவகப் பட்டியலில் அச்சொல்லைக் கண்டு உண்போர் திகைத்தமையால், 1980களில் வணிகர் ஹவாய்ப் பெயரைப் பரப்பினர். அறிவியலார் செய்யாத பெயர்த்திருத்தத்தைச் சந்தை செய்தது எனலாம்.

தமிழில் இச்சிக்கல் தலைகீழாக அமைகிறது. தமிழக மீனவர் வழக்கில் பாலூட்டிக்கு 'ஓங்கில்' என்னும் தனிச்சொல் உண்டு. அம்மீனோடு அதை எந்த மீனவரும் மயங்குவதில்லை. மயக்கம் ஆங்கில அறிக்கையைத் தமிழாக்கும் மேசையில்தான் பிறக்கிறது. பிடிப்புப் பட்டியலிலுள்ள 'டால்பின்' என்பதை ஓங்கில் என்று பெயர்த்தால், 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்யும் ஒரு வேட்டையைப் படகினர் மீது சுமத்தியதாகிவிடும். 'டால்பின் மீன்' என எழுதுவதும் பாதித் தீர்வே. ஒரே மீனுக்குக் கரைதோறும் பெயர் மாறும் நாட்டில், இறங்குதுறையில் கேட்டறிந்த பெயரையும் அறிவியற்பெயரையும் இணைத்துத் தருவதே தக்கது.

இம்மீன் மிதக்கும் மரக்கட்டை, கடற்பாசித் திரள் ஆகியவற்றின் நிழலில் கூடும் இயல்புடையது. ஆழ்கடலில் சூரைக்கும் சுறாவுக்கும் இடும் ஆயிரங்கால் தூண்டிலிலும் செவுள்வலையிலும் உடன்பிடிப்பாக வருகிறது. கோடைக்காலத்தில் இதன் தேட்டத்தை வரையறுப்பது சட்டமே. தமிழகக் கிழக்குக் கடற்கரையில் 2001 முதல் 45 நாளும், 2017 முதல் 61 நாளும் விசைப்படகுகளுக்குத் தடை. அது ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14இல் முடியும். மேற்குக் கடற்கரையிலோ ஜூன், ஜூலைத் திங்கள்களில் நிகழும். எனவே குமரி மாவட்டம் ஒன்றிலேயே இருவகைக் கோடைகள் உள்ளன.

மீன் கூடும் இடத்தை இன்று கணிப்பது கடலே இல்லாத ஊர் என்பது குறிப்பிடத்தக்கது. ஐதராபாத்தின் வடமேற்கில் ராமச்சந்திராபுரத்திற்குச் சற்றே கிழக்காக அமைந்த பிரகதி நகரில், 1999இல் நிறுவப்பெற்ற இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இயங்குகிறது. 1990களில் அந்நகரத்துத் தேசியத் தொலையுணர்வு முகமை தொடங்கிய பணியை அது ஏற்று நடத்துகிறது. செயற்கைக்கோள் தரும் மேற்பரப்பு வெப்பநிலையையும் பச்சையத்தின் அளவையும் கொண்டு மீன்வளப் பகுதிகளைக் கணித்துத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் அறிவிக்கிறது.

அவ்வறிவிப்பு பொதுவாக மீன்பெயர் கூறாது; துறை, திசை, பாகைக் கோணம், தொலைவு, ஆழம் என்பனவற்றையே கூறும். ஆகவே பெயர்மயக்கத்திலிருந்து அது தப்புகிறது, அளவைகளில் அகப்படுகிறது. ஏட்டில் ஆழம் மீட்டரில் உள்ளது. மீனவர் ஆழத்தைப் பாகத்தால் அளப்பர். விரித்த இரு கைகளின் நீளமான பாகம் ஏறத்தாழ ஆறடி. நாற்பது மீட்டர் என்னும் குறிப்பு அவர்க்கு இருபத்திரண்டு பாகமாக மாறியாக வேண்டும். திசையும் அவ்வாறே, வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றின் பெயரால் திசையறிவோர்க்குப் பாகைக் கணக்கு அயலானது. தடைக்காலத்தில் அந்தந்தக் கரைக்குரிய அறிவிப்பு நின்றுவிடுகிறது. தடைக்கு உட்படாத நாட்டுப்படகினர் அந்நாட்களிலும் கடலுக்குச் செல்கின்றனர்.