எந்தத் தோலுக்கு வெளிச்சம்

பன்னிரண்டாம் வகுப்பில், திருத்துறைப்பூண்டியில் ஒரு ஸ்டுடியோவுக்குப் படம் எடுக்கப் போனேன். விளக்கைப் போடுமுன் பவுடர் டப்பாவை நீட்டினார்கள். விளக்கை யாரும் நகர்த்தவில்லை. அந்தப் படத்தில் கழுத்து மட்டும்தான் என் நிறத்தில் இருக்கிறது.

கணினியில் உருவாக்கும் முப்பரிமாணக் காட்சிக்கு ஒளியமைப்பதும் தடவித் தேடும் வேலைதான். விளக்கை வைத்து, படத்தைக் கணக்கிட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் மறுபடி மாற்ற வேண்டும். 1993இல் ஜூலி டோர்சி உள்ளிட்ட ஐவர் இதைத் தலைகீழாக்கினார்கள். வெளிச்சம் எங்கே விழவேண்டும் என்று பரப்பின்மேல் தீட்டிக் காட்டினால் போதும். வைத்த இடத்திலுள்ள விளக்குகள் எவ்வளவு பிரகாசமாக, என்ன நிறத்தில் எரியவேண்டும் என்பதைக் கணினி கண்டுபிடிக்கும். அதே ஆண்டு வந்த இன்னொரு முறையில், அறை இதமாக இருக்கட்டும் என்றே கேட்கலாம். (யாருக்கு இதம்?)

விளக்கு இப்படித் தானாக அமைந்தாலும் அது விழும் தோலுக்குத் தனிக் கணக்கு உண்டு. ஒளி தோலுக்குள் புகுந்து, சிதறி, மிளிர்ந்து வெளிவருவதைக் கணக்கிடும் நடைமுறைக்கேற்ற வழி 2001இல் வந்தது. அந்த மிளிர்வு வெளுத்த தோலில்தான் தூக்கலாகத் தெரியும். கறுத்த தோலில் மேற்பரப்பின் பளபளப்பே முதலில் கண்ணில் படும். ஆய்வுலகமோ மிளிர்வையே மனிதத் தோலின் இலக்கணமாக்கிக்கொண்டது.

2022இல் தியடோர் கிம்மும் சகாக்களும் சிக்ராஃப் மாநாட்டில் இந்த நிறச்சார்பைப் பேசுபொருளாக்கினார்கள். அந்தச் சகாக்களில் ஜூலி டோர்சியும் ஒருவர்.