ஒரு மேசையில் தொடங்கிய அறிவியல் உளவு

பிரிட்டிஷ் அரசில் அறிவியல் உளவு ஒரு தனிப் பணியாக உருவெடுத்தது 1939 செப்டம்பரில், இரண்டாம் உலகப் போர் வெடித்த நாட்களில்தான். அதற்கு முன்பு தரைப்படை, கடற்படை, வான்படை ஆகிய மூன்றும் தனித்தனி உளவுப் பிரிவுகளை வைத்திருந்தன. வெளிநாடுகளில் ஒற்றர்களை நடத்தும் வேலை எம்.ஐ.6 அமைப்பிடம் இருந்தது. எதிரியிடம் எத்தனை விமானங்கள் உள்ளன, எந்தத் துறைமுகத்தில் எந்தக் கப்பல் நிற்கிறது என்பன போன்ற கேள்விகளுக்கு இவை பழகியிருந்தன. எதிரியின் ஆய்வுக்கூடங்களில் என்ன உருவாகிறது என்று கேட்பதற்கு மட்டும் ஆள் இல்லை.

இந்தக் குறையை முதலில் உணர்ந்தவர்கள் ஒற்றர்கள் அல்லர், விஞ்ஞானிகள். ஹென்றி டிசார்டு தலைமையில் 1935 முதல் கூடிவந்த வான் தற்காப்புக் குழு, பிரிட்டனின் கிழக்குக் கரையோரம் ரேடார் நிலையங்கள் எழக் காரணமாக இருந்தது. அதே கருவி ஜெர்மானியரிடமும் இருக்கிறதா என்ற கேள்விக்கு உளவுத் துறைகளிடம் பதில் இல்லை. ஆக்ஸ்போர்டில் அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டு விமானங்களைக் கண்டறிய முயன்றிருந்த இளம் இயற்பியலாளர் ஆர். வி. ஜோன்ஸ், இந்த இடைவெளியை நிரப்ப வான்படை அமைச்சகத்தின் உளவுப் பிரிவுக்கு மாற்றப்பட்டார். எம்.ஐ.6 அமைப்பின் வான்படைப் பிரிவை நடத்திய வின்டர்போதமின் கீழ் அவருக்கு இடம் கிடைத்தது. அலுவலகம் என்று சொல்ல அப்போது இருந்தது அவர் ஒருவர்தான்.

முதல் வேலை ஹிட்லரின் பேச்சிலிருந்து வந்தது. செப்டம்பர் 19 அன்று டான்சிக் நகரில் பேசிய ஹிட்லர், எவராலும் திருப்பித் தாக்க முடியாத ஆயுதம் தங்களிடம் உண்டு என்ற பொருள்பட ஏதோ சொல்லியிருந்தார். ஜோன்ஸ் எம்.ஐ.6 கோப்புகளை அலசினார். பேச்சின் பதிவை ஜெர்மன் மொழிப் பேராசிரியர் ஒருவரைக் கொண்டு மறுபடி கேட்கவைத்தார். ஹிட்லர் குறிப்பிட்டது தம் விமானப்படையையே என்பது முடிவு. பெரிய கண்டுபிடிப்பு இல்லைதான். ஆனால் கோப்புகளைப் படித்ததில் அறிவியல் செய்திகள் எவ்வளவு சொற்பமாகவும் கலங்கியும் வந்து சேர்கின்றன என்பது தெளிவாயிற்று. முப்படைக்கும் பொதுவான அறிவியல் உளவு அமைப்பு வேண்டும் என்று அவர் எழுதிய முன்மொழிவு ஏற்கப்படவில்லை.

நவம்பர் தொடக்கத்தில் நார்வேத் தலைநகர் ஆஸ்லோவிலுள்ள பிரிட்டிஷ் தூதரகத்துக்கு, பெயரில்லாத ஒருவரிடமிருந்து சில தட்டச்சுப் பக்கங்களும் ஒரு சிறு மின்குழாயும் வந்தன. ரேடார், தொலை ஏவுகணை, புதுவகை டார்பிடோ, ஜெர்மானியரின் பீனமுண்டே ஆய்வு நிலையம் எனப் பல செய்திகள் அவற்றில் இருந்தன. இவ்வளவையும் ஒரே மனிதர் அறிந்திருக்க முடியாது, ஏமாற்ற வைத்த பொறி என்று லண்டனில் பலர் ஒதுக்கினர். ஜோன்ஸ் ஒதுக்கவில்லை. சரிபார்க்க முடிந்த விவரங்கள் அறிவியலுக்குப் பொருந்தி வந்ததால், மற்றவற்றையும் கையருகே வைத்துக்கொண்டார். எழுதியவர் சீமன்ஸ் நிறுவனத்தின் ஆய்வு இயக்குநர் ஹான்ஸ் ஃபெர்டினாண்ட் மேயர் என்பது போருக்குப் பிறகே தெரிந்தது. நாஜி ஆட்சியை வெறுத்து, உயிரைப் பணயம் வைத்து அவர் எழுதிய இந்த ஆவணம் போர் முழுவதும் பயன்பட்டது.

இந்தப் பணிக்கு அரசில் நிலையான இடம் கிடைத்தது 1940 ஜூனில். வீழ்ந்த ஜெர்மன் விமானத்தில் கிடைத்த ஒரு தாளிலும், கைதிகளின் பேச்சிலும் 'க்னிக்கபைன்' என்ற பெயர் அடிபட்டது. ஒரு கைதி, எவ்வளவு தேடினாலும் அந்தக் கருவி ஆங்கிலேயருக்கு அகப்படாது என்று தன் அறைத் தோழனிடம் சொன்னது ஒட்டுக்கேட்கப்பட்டது. அப்படியானால் அது கண்ணெதிரே உள்ள ஒரு பொருளுக்குள்தான் இருக்க வேண்டும் என்று ஜோன்ஸ் எண்ணினார். மூடுபனியில் தரையிறங்க உதவும் சாதாரண வானொலிப் பெட்டியில் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது உண்டா என்று ஃபார்ன்பரோ ஆய்வகத்திடம் கேட்டார். தரையிறங்கும் வேலைக்குத் தேவையானதைவிட அதன் ஏற்புத்திறன் மிக அதிகம் என்று பதில் வந்தது. இதற்கிடையே சங்கேத உடைப்பு மையமான பிளெட்ச்லி பார்க்கில் உடைக்கப்பட்ட ஜெர்மானிய எனிக்மா சங்கேதச் செய்தி ஒன்று, க்னிக்கபைன் நிறுவப்பட்ட இடத்தோடு சேர்த்து இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள ஓர் அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளியையும் தந்தது. எல்லாம் ஒன்றையே காட்டின: ஜெர்மனியிலிருந்து குறுகிய வானொலிக் கற்றைகளைப் பாய்ச்சி, இரவிலும் விமானங்களை இலக்குக்கு வழிநடத்துகிறார்கள்.

ஜூன் 21 அன்று பிரதமர் சர்ச்சில் கூட்டிய கூட்டத்தில் 28 வயது ஜோன்ஸ் இதை விளக்கினார். டிசார்டுக்கே ஐயம் இருந்தது. பூமியின் வளைவைத் தாண்டி அவ்வளவு தூரம் அந்த அலைகள் எட்டா என்று வானொலி வல்லுநர் எக்கர்ஸ்லி மறுத்தார். அன்றிரவே தேடப் பறந்த விமானம் 31.5 மெகாஹெர்ட்ஸில் கற்றையைக் கண்டுபிடித்தது. அது நானூறு, ஐந்நூறு கெஜ அகலத்துக்கு மேல் இல்லை. அதைக் குறுக்கே வெட்டிய இரண்டாவது கற்றை, ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின்கள் உருவாகும் டெர்பி நகரின் திசையைக் காட்டியது. கற்றைகளைக் குழப்பும் பொறுப்பு அடிசன் தலைமையிலான வான்படையின் 80ஆம் விங்கிடம் தரப்பட்டது. அவசரத்துக்கு மருத்துவமனைகளில் உடலுக்கு வெப்பமூட்டும் டயாதெர்மி கருவிகளைக்கூட இதற்குப் பயன்படுத்தினார்கள்.

அடுத்த கட்டத்தில் தோல்வியும் வந்தது. 'எக்ஸ்' எனப்பட்ட இன்னும் துல்லியமான கற்றை முறையோடு வந்த வழிகாட்டி விமானங்கள் 1940 நவம்பர் 14 இரவு கவென்ட்ரியை எரித்தன. 500க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இடையூறுக் கருவிகள் சரியான அலைவரிசையில் இயங்கியும், அவை எழுப்பிய ஒலியின் சுருதி எதிரியின் கருவி வடிகட்டும் சுருதியோடு பொருந்தவில்லை. கரையில் விழுந்த ஹெய்ன்கெல் விமானம் ஒன்றைப் படைகள் பங்குபோட்டுக்கொண்ட தகராறில் அது கடல்நீரில் நனைந்திருந்தது. அதன் கருவியை உரிய அக்கறையோடு ஆராய்ந்திருந்தால் இந்தப் பிழை முன்பே தெரிந்திருக்கும். செய்தி கையில் இருந்தும் உரியவரிடம் உரிய நேரத்தில் சேராவிட்டால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

அதே நவம்பரில் சார்ல்ஸ் ஃபிராங்க் துணையாகச் சேர்ந்தார். 1941இல் ஜோன்ஸுக்கு உளவு உதவி இயக்குநர் பதவி வந்தது. போர் முடியும்வரை அலுவலகம் சிறிதாகவே இருந்தது. அதன் வலிமை இன்னொன்றில் இருந்தது: சங்கேதச் செய்தி, கைதி விசாரணை, வான்வழிப் படம், ஒற்றர் குறிப்பு என எந்த வழியில் வந்த செய்தியும் ஒரே மேசையில் பொருள்வாரியாகச் சேர்ந்தது. மூலங்களைத் திரட்டுவோர் தத்தம் மூலத்தையே அறிவர். சேர்த்துப் பார்ப்பவரோ மூலங்களின் வேலைமுறையையும் அறிந்து, எதைத் தேட வேண்டும் என்றும் சொல்ல வேண்டும் என்பது ஜோன்ஸின் கொள்கை.

ரேடார் தேடலில் இது நன்றாகத் தெரிந்தது. 1941 டிசம்பரில் பிரெஞ்சுக் கரையிலுள்ள புருனேவாலில் விமானி டோனி ஹில் தாழப் பறந்து எடுத்த படத்தில் 'வூர்ட்ஸ்பூர்க்' ரேடாரின் கிண்ண வடிவம் தெளிவாக விழுந்தது. 1942 பிப்ரவரி 27 இரவு சுமார் 120 பாராசூட் வீரர்கள் அங்கே இறங்கி, அதன் முக்கியப் பாகங்களைக் கழற்றி, அதை இயக்கியவர்களில் ஒருவரையும் பிடித்துக் கடல் வழியே திரும்பினர். இடையூறு செய்தால் சமாளிக்கும் ஏற்பாடு அதில் இல்லை என்பது புலனாயிற்று. உலோகத்தாள் கீற்றுகளைத் தூவி ரேடாரைக் குருடாக்கும் வழி ஏற்கனவே தெரிந்திருந்தது. எதிரியும் அதைக் கற்றுக்கொள்வான் என்ற அச்சத்தில் ஓராண்டுக்கு மேல் அதை முடக்கிவைத்து, 1943 ஜூலை 24 இரவு ஹாம்பர்க் மீது முதன்முறை பயன்படுத்தினர். சென்ற 791 விமானங்களில் இழந்தது 12 மட்டுமே. அந்த வாரத் தாக்குதல்களில் தரையில் மாண்ட பல்லாயிரம் குடிமக்களையும் இந்தக் கணக்கோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

ஜெர்மானியரின் நீள்தூர ஏவுகணை பற்றிய விவாதத்தில் ஜோன்ஸின் ஆசிரியரும் ஆதரவாளருமான லின்டமன், அதாவது செர்வெல் பிரபு, அப்படியொன்று சாத்தியமே இல்லை என்று நின்றார். 1943 ஜூனில் பீனமுண்டேயின் படமொன்றில் ஜோன்ஸ் ஏவுகணையை அடையாளம் கண்டார். ஆகஸ்ட் 17 இரவு ஏறத்தாழ 600 விமானங்கள் அந்த நிலையத்தைத் தாக்கின. ஏவுகணையின் எடை 80 டன் வரை இருக்கும் என்று சிலர் கணித்திருக்க, அது 13 டன்னுக்குள்தான், சுமக்கும் வெடிபொருள் ஒரு டன் அளவுதான் என்று சான்றுகளிலிருந்து நிறுவப்பட்டது.

போர் முடிந்ததும் இயற்பியலாளர் பிளாக்கெட் தலைமையிலான குழு புதிய ஏற்பாட்டை வகுத்தது. முப்படைகளின் அறிவியல் பிரிவுகள் தனித்தனியே இருக்க, மேலே கூட்டுக் குழுக்கள் அமைந்தன. ஒரே மேசை பல மேசைகளாகச் சிதறியதில் மனம் ஒப்பாத ஜோன்ஸ் 1946இல் அபர்டீன் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். அமெரிக்காவில் சி.ஐ.ஏ. தன் அறிவியல் உளவு அலுவலகத்தை 1949 தொடக்கத்தில் நிறுவியது. அதே ஆண்டு ஆகஸ்ட் 29 அன்று சோவியத் ஒன்றியம் தன் முதல் அணுகுண்டை வெடித்தபோது, சி.ஐ.ஏ. எதிர்பார்த்திருந்த காலத்துக்கு முன்பே அது நடந்துவிட்டது. 1952இல் சர்ச்சில் மீண்டும் அழைக்க, ஜோன்ஸ் பாதுகாப்பு அமைச்சகத்தில் அறிவியல் உளவு இயக்குநரானார். அணு ஆயுதச் செய்திகள் அவர் பொறுப்புக்கு வெளியே தனி அமைப்பிடமே இருந்தன. 1953 முடிவில் அவர் அபர்டீனுக்குத் திரும்பினார்.