எண்ணெய் ஒழுகிய சாம்ராஜ்யம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்ப்பவரா நீங்கள்? சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறினால் வழியில் திருவொற்றியூர் வரும். இந்தியாவில் புல்லட் தயாரிக்கத் தொடங்கிய ஊர். இருபது வருஷம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்து, 2018-ல் சென்னை மாவட்டத்துக்குப் போனது. ஒரு சாம்ராஜ்யம் சரிந்த கதையில் அதற்கும் பங்குண்டு.

1937. பிரிட்டனின் ட்ரையம்ஃப் கம்பெனி 'ஸ்பீட் ட்வின்' என்றொரு வண்டியை அறிமுகப்படுத்தியது. 500 சிசி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சிலிண்டர். வடிவமைத்தவர் எட்வர்ட் டர்னர். யுத்தம் முடிந்ததும் பி.எஸ்.ஏ., நார்ட்டன், ராயல் என்ஃபீல்டு என்று எல்லாருமே அவர் வழிக்கு வந்துவிட்டார்கள்.

ஜப்பான்காரர்களும் முதலில் பார்த்துத்தான் எழுதினார்கள். 1966-ல் வந்த கவாஸாகி டபிள்யூ-1, பி.எஸ்.ஏ.வுக்குத் தம்பி மாதிரியே இருக்கும். ஹோண்டா மட்டும் வேறு ரகம். 1965-ல் அவர்கள் இறக்கிய சிபி 450-ல் இருந்தது 444 சிசி. சக்தியோ 43 குதிரை. 650 சிசி ட்ரையம்ஃப் பானவில்லுக்கே 46தான். போதாததற்கு பட்டனைத் தொட்டால் ஸ்டார்ட்.

இன்னொரு விஷயம், எண்ணெய். பிரிட்டிஷ் இன்ஜினின் அடிப்பெட்டியை நெட்டுவாக்கில் இரண்டாக்கிப் பொருத்தியிருப்பார்கள். இணைப்பு அடிவரை போகும். எண்ணெய் கசியாமல் என்ன செய்யும்? ஹோண்டா குறுக்குவாக்கில் பிரித்தது. இணைப்பு மேலே, எண்ணெய் கீழே. அவ்வளவுதான் சமாசாரம்!

இது பிரிட்டிஷாருக்குத் தெரியாதா? டர்னரே 1960-ல் ஜப்பான் போய், அங்கிருந்த ஆலைகளைப் பார்த்து மலைத்துத் திரும்பியவர். ஆனால் முதலாளிகள் கணக்கு வேறு. சின்ன வண்டி அவர்களுக்கு, பெரிய வண்டி நமக்கு. புது மெஷின் எதற்குத் தண்டமாக? பேலன்ஸ் ஷீட்டில் அந்த வருஷ லாபம் அழகாகத் தெரிந்தது. அடுத்த பத்து வருஷம் தெரியவில்லை.

1969-ல் ஹோண்டா நாலு சிலிண்டர் சிபி 750-ஐ இறக்கியது. அதற்குள்ளாகவே ராயல் என்ஃபீல்டின் ரெட்டிச் ஆலை 1967-ல் மூடப்பட்டிருந்தது. அவர்களுடைய இரட்டை சிலிண்டர் 'இன்டர்செப்டர்' 1970-ல் நின்றது. ட்ரையம்ஃபின் மெரிடன் ஆலையைத் தொழிலாளர்களே கூட்டுறவாக நடத்திப் பார்த்தார்கள். 1983-ல் அதுவும் முடிந்தது.

தாய்வீடு இடிந்துவிட்டது. திருவொற்றியூரில் மட்டும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ராணுவத்துக்கு புல்லட் தேவைப்பட்டதால் 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து தொடங்கிய 'என்ஃபீல்டு இந்தியா' அது. 1977-ல் பிரிட்டனுக்கே புல்லட் ஏற்றுமதியானது!

உடனே காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ள வேண்டாம். நம்மைக் காப்பாற்றியது திறமை மட்டுமல்ல, போட்டியாளருக்கு மூடியிருந்த கதவும்தான். எண்பதுகளில் ஜப்பானியக் கூட்டோடு 100 சிசி வண்டிகள் வந்ததும் என்ஃபீல்டு ஆட்டம் கண்டது. 1994-ல் ஐஷர் கைக்குப் போனது. பிறகுதான் புது ஆலை, புது இன்ஜின் எல்லாம்.

2018-ல் இன்டர்செப்டர் மறுபடி வந்தது. 648 சிசி, இரண்டு சிலிண்டர், பட்டன் ஸ்டார்ட். டாங்கில் இருப்பது பிரிட்டிஷ் பெயர். செய்வது தமிழ்நாட்டுக் கைகள். கம்பெனியின் வல்லம் வடகால் ஆலைக்குப் பக்கத்து வீட்டுக்காரர் யார் தெரியுமா?

யமஹா. இந்த முறை தூங்க முடியாது.